தோளில் செயற்கை மூட்டு. கீழே எலும்பு முறிவு!

என் மாமியாருக்கு 2021-ல் வலது தோளில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதன்பின் தலை பின்னிக்கொள்வதும் கொடியில் துணி போடுவதும் அவர்தான். 2023 ஐப்பசியில் ஒரு மழை நாள், கொல்லைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். கை துவண்டு தொங்கியது. "உள்ளேதான் இரும்பு இருக்கேடி, அது எங்கே ஒடியப் போறது?" என்றார், அந்த வலியிலும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒடிவது உலோகமல்ல, அதைத் தாங்குகிற எலும்பு! செயற்கை மூட்டுக்கு ஒரு காம்பு உண்டு. அதை மேல்கை எலும்பின் குழாய்க்குள் இறக்கியிருப்பார்கள். விழுந்த அதிர்ச்சி காம்பு முடிகிற இடத்தில் போய் இறங்குமாம். வயதானவர்களுக்கு எலும்பும் மெலிந்திருக்குமே!

பக்கத்து வீட்டு மாமி எண்ணெய்க் கட்டு போடச் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை. வீங்குவதற்குள் வளையல்களைக் கழற்றி, பழைய வேஷ்டியால் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் முதலில், "மணிக்கட்டை மேலே தூக்குங்கம்மா" என்றார். தூக்க முடியவில்லை. அந்த எலும்பைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரும்பாலும் தானே சரியாகும். மாதக்கணக்கில் பொறுக்கணும்" என்றார்.

அடுத்துக் கேட்டது பழைய எக்ஸ்ரேயையும் ஆபரேஷன் காகிதங்களையும். பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குள்ளிருந்து மகன் எடுத்து வந்தான்! காம்பு கெட்டியாக இருக்கிறதா, ஆடுகிறதா என்பதை வைத்துத்தான் வைத்தியமே. கெட்டியாக இருந்து, முறிவு அதற்குக் கீழே, எலும்பும் அதிகம் விலகாமல் இருந்தால், கையைச் சுற்றி உறை மாட்டியே சேர்த்துவிடப் பார்ப்பார்கள். விலகியிருந்தால் தகடு. காம்பு இருக்கும் பகுதியில் ஸ்க்ரூ ஆழமாக இறங்க இடமில்லை, அதனால் அங்கே கம்பியால் சுற்றி இறுக்குவார்கள். காம்பே ஆடினால் அதை எடுத்துவிட்டு, முறிவைத் தாண்டி இறங்குகிற நீளக் காம்பு.

மாமியாருக்குக் காம்பு ஆடவில்லை. தகடும் கம்பியும்தான். மணிக்கட்டு தொங்காதிருக்க ஒரு பட்டை மாட்டினார்கள். விரல்களை மட்டும் தினமும் மடக்கி நீட்டச் சொன்னார்கள். அதற்கு நான் பட்ட பாடு! "ஸ்லோகம் சொல்லிண்டே மடக்குங்கோம்மா" என்றதும்தான் வழிக்கு வந்தார்.

எலும்பு கூட நாலு மாதம் ஆயிற்று. மணிக்கட்டு அசையவே இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலை, நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். "இங்கே வாடி, சீக்கிரம்!" என்று கூப்பிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், பட்டையைக் கழற்றிய கை, மேஜை விளிம்பிலிருந்து மெள்ள ஒரு விரற்கடை எழுந்து நின்றது.

எக்ஸ்ரேக்கள் இப்போது பரணில் இல்லை; பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு மேலே.