லாரிக்குள் ஒரு மூளை – 12: சூடான கப்ளர் உறிஞ்சும் தண்ணீர்

சென்சார் எனப்படும் உணரி என்ன செய்கிறது, இசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் பேச்சை எப்படிக் கேட்கிறது என்பன முந்தைய பகுதிகளில் சொல்லப்பட்டுவிட்டன. தொடர்ந்து படித்துவருவோருக்கு அவற்றைத் திரும்பச் சொல்லி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்த பொருள், இன்ஜினின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சாரின் அலைவடிவம். ஆயினும் அதை எட்டுவதற்கு முன்பே, வெறும் பிளாஸ்டிக் கூடு என்று யாரும் பொருட்படுத்தாத கப்ளர், அதாவது ஒயரையும் சென்சாரையும் இணைக்கும் செருகி, இந்தப் பகுதியின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளவிருக்கிறது.

டீசல் லாரியின் மின்னணுப் பழுதுகளை நிலையான பழுது, விட்டுவிட்டு வரும் பழுது என இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை பட்டறைக்கு வரும்போதும் உடன் இருப்பதால் அகப்பட்டுவிடும். இரண்டாம் வகையோ சாலையில் தோன்றிப் பட்டறை வாசலில் மறைவது. அதன் இயல்பைத் திண்டிவனம்–விழுப்புரம் சாலையைக் கொண்டே விளக்கலாம். பழைய எண்ணில் 45 ஆகவும் இன்றைய எண்ணில் 132 ஆகவும் உள்ள, ஏறத்தாழ 40 கி.மீ. நீளும் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில், சுமையேற்றிய ஒரு பிஎஸ்-6 மாசுத்தர லாரி விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை நெருங்கும்போது திடீரென இழுவை குறைந்து, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்து, லிம்ப் மோடு எனப்படும் தற்காப்பு நிலைக்குள், அதாவது இன்ஜினைக் காப்பதற்காக இசியு தானே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்குள் போய்விடுகிறது என்று கொள்வோம். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டதும் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்குகிறது. விழுப்புரத்துப் பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் எல்லா அளவுகளும் சரியாக இருக்கின்றன, நினைவகத்தில் ஒரு பழுதுக் குறியீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் குறியீடு ஒரு சென்சாரின் பெயரைச் சொல்வதால் சென்சாரையே மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. குறியீடு குற்றம்சாட்டுவது சென்சாரை அன்று, அது இருக்கும் மின்சுற்றை: சென்சார், அதன் கப்ளர், ஒயர், வழியிலுள்ள இணைப்புகள், இசியுவின் பின் எனப்படும் இணைப்பு ஊசி ஆகிய அனைத்தும் அந்தச் சுற்றில் அடக்கம். குறியீடுகளை வகுத்தவர்கள் இந்த நிலையற்ற தன்மையை அறிந்தே இருந்தனர் என்பதற்கு, பி0339 என்ற எண் கிராங்க் சென்சார் சுற்று விட்டுவிட்டு அறுபடுவதற்கென்றும், பி0119 என்பது குளிர்நீர் வெப்பச் சென்சார் சுற்று அவ்வாறு ஆவதற்கென்றும் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருப்பதே சான்று. சென்சாருக்கு ஒரு பெட்டியும் ஒரு விலையும் உண்டு, அதை ரசீதில் எழுதலாம். கப்ளரைக் கழற்றிப் பின்னை நிமிர்த்திய வேலையை ரசீதில் எழுதுவது கடினம். நல்ல சென்சார்கள் பல குப்பைக்குப் போவதற்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஓர் இணைப்பு முழுவதும் அறுபடாமல் சற்றே கெட்டிருந்தால் என்ன நிகழும் என்பதைக் குளிர்நீர் வெப்பச் சென்சார் நன்கு காட்டும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆன அந்தச் சென்சாரின் பரவலான ஒரு வகை, 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் தடையும் 90 பாகையில் ஏறத்தாழ 240 ஓம் தடையும் கொண்டது. கப்ளரின் பின் ஒன்றில் துருவினால் 100 ஓம் கூடுதல் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொண்டால், காலையில் குளிர்ந்த இன்ஜினில் 2,500 என்பது 2,600 ஆகி அளவு ஒரு பாகையளவே பிறழும், யாருக்கும் தெரியாது. அதே 100 ஓம், இன்ஜின் சூடேறியபின் 240 உடன் சேர்ந்து 340 ஆகும்போது, 90 பாகையில் இருக்கும் நீரை 78 பாகை என்று இசியு தவறாகப் படித்துவிடும். கெடுதல் எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கிறது, வெளிப்படுவது மட்டுமே சூட்டில். காலையில் பட்டறையில் நிறுத்திச் சோதித்துவிட்டு "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவைக்கும் மெக்கானிக் பொய் சொல்வதில்லை. அந்த வேளையில் வண்டி உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

இனி, இந்த வாரத்தின் பக்கங்களை விழுங்கிய செய்திக்கு வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் மேல் பொருத்தப்பட்ட கப்ளர் ஒன்றுக்குள் 90 பாகை சூட்டில் சிறிதளவு காற்று அடைபட்டிருக்கிறது. 28 பாகையிலுள்ள தண்ணீர் அதன்மேல் படும்போது கப்ளர் சட்டெனக் குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு, அதாவது செல்சியஸ் அளவுடன் 273ஐக் கூட்டிய எண்ணுக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பதால், 363 என்பது 301 ஆகும்போது அழுத்தம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்துவிடுகிறது. வெளியே இருப்பது முழு வளிமண்டல அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.75 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நனைந்த கப்ளர், ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் கிடப்பதற்கு ஒப்பான அழுத்தத்தைத் தன் ரப்பர் சீலின்மேல் தாங்க வேண்டியிருக்கிறது.

நீர்புகாத் தன்மைக்கு நன்கறியப்பட்ட ஐபி67 என்ற தரம், ஒரு பொருளை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் சோதிப்பது. அந்தச் சோதனையை வகுக்கும் ஐஇசி 60529 என்னும் பன்னாட்டுத் தரம், நீரின் வெப்பநிலையும் பொருளின் வெப்பநிலையும் 5 பாகைக்கு மேல் வேறுபடக் கூடாது என்று கூறுகிறது. அதாவது மேலே கணக்கிடப்பட்ட உறிஞ்சலை அந்தச் சோதனை வேண்டுமென்றே விலக்கி வைத்திருக்கிறது. வாகனங்களுக்கென்றே எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 16750 தரத்தின் நான்காம் பாகம் இந்தக் குறையை உணர்ந்து, பொருளை உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோய், உறையும் நிலையை ஒட்டிய நீரில் அமிழ்த்தும் சோதனையை வைத்திருக்கிறது. புதிய கப்ளர்கள் அதில் தேறிவிடலாம். ஆனால் பல ஆண்டுகள் சூட்டில் வெந்து இறுகிய ரப்பர் சீலும், ஒருமுறை கழற்றி மாட்டியபோது தவறவிடப்பட்ட சீலும் அந்தச் சான்றிதழுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

இத்தகைய உறிஞ்சலுக்கு விழுப்புரம் மாவட்டம் ஒருமுறை பெரிய களமாக இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை பதிவானது. டிசம்பர் 2 அன்று அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மூடிப் போக்குவரத்து நின்றது. வெகுதூரம் ஓடிச் சூடேறிய இன்ஜினோடு தண்ணீருக்குள் இறங்கும் எந்த லாரியிலும் மேற்சொன்ன உறிஞ்சல் நிகழும். புகுந்த நீர் அன்றே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பின்களின் செம்பும் தகரப்பூச்சும் மெல்ல அரிக்கப்பட்டுக் களிம்பு ஏறி, மாதங்கள் கழித்து, வெள்ளத்தை எல்லோரும் மறந்த ஒரு கோடைப் பகலில் விளக்கு எரியலாம். புயல்கூடத் தேவையில்லை: ஓடிவந்த வண்டியை ஆறவிடாமல் வாட்டர் சர்வீஸில் நிறுத்தி இன்ஜின்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினாலே போதும்.

நீர் புகுந்த இடமும் பழுது தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒயரின் உள்ளே பல மெல்லிய செம்பு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளி உறிஞ்சுகுழல் போன்றது. கப்ளரின் சீல் நன்றாக இருந்து, ஒயரின் மேலுறையில் ஓரிடத்தில் ஓட்டை இருந்தால், நீர் அந்த ஓட்டை வழியே புகுந்து ஒயருக்குள்ளேயே பயணம் செய்து கப்ளரையோ இசியுவையோ அடைந்துவிடும். அந்த ஓட்டையை உண்டாக்குவது பெரும்பாலும் எது என்பதுதான் வருத்தத்துக்குரியது: மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதற்காக ஒயரில் ஊசியைக் குத்தும் டெஸ்ட் லாம்ப். இன்றைய பழுதைத் தேடுவோர் குத்தும் ஊசியே அடுத்த மழைக்காலத்துப் பழுதுக்கு வாசல் திறந்துவைக்கிறது.

தண்ணீரே படாத கப்ளரும் கெடும். இன்ஜினின் அதிர்வில் பின்கள் ஒன்றோடொன்று மைக்ரான் அளவில் உரசிக்கொண்டே இருப்பதால் தகரப்பூச்சின் மேல் ஆக்சைடு படலம் படிந்து தொடர்பு விட்டுவிட்டு அறுபடும். தகரத்துக்கு இன்னொரு விசித்திரமான குணமும் உண்டு: அதன் பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் தாமாகவே முளைக்கும். டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுப்பதாக எழுந்த புகார்களை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில், பழுதான ஒரு ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாருக்குள் இத்தகைய தகர இழை ஒன்று இரண்டு முனைகளை இணைத்திருந்ததாகப் பதிவுசெய்தனர். எனினும் அபாயகரமான வேகமெடுப்புகளுக்கு மின்னணுக் கோளாறே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தனர். லாரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட செய்தி இது, ஆனாலும் விட்டுச்செல்ல மனம் வராதது.

மரக்காணத்தின் உப்பளங்களிலிருந்து திண்டிவனம் வழியாக உப்பு ஏற்றிச் செல்லும் லாரிகளில் நீர் புகுவதால் வரும் அரிப்பு விரைவுபெறும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், 5 வோல்ட் வரும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அது தங்கினால் மெல்லிய மின்னோட்டம் ஓயாமல் கசிந்து, நேர்மின் பக்கத்துப் பின்னின் உலோகத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மூன்று பின் கொண்ட கப்ளரைக் கழற்றிப் பார்க்கும்போது ஒரு பின் மட்டும் பச்சை பிடித்து மெலிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

தேடும் முறைக்கு இனி சில சொற்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன், அதனுடன் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது பழுது பதிவான நொடியில் இருந்த வேகம், சூடு, சுமை ஆகியவற்றின் பதிவைக் குறித்துக்கொள்ள வேண்டும்; பேட்டரியைக் கழற்றிவிட்டால் அதுவும் பல வண்டிகளில் போய்விடும். தொடர்பற்ற இரண்டு மூன்று சென்சார்கள் ஒரே நொடியில் குறியீடு கொடுத்திருந்தால் அவை எல்லாம் ஒருசேரக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் ஒயரையோ எர்த்தையோதான் ஐயுற வேண்டும். அடுத்து, இன்ஜினைச் சூடேற்றி, ஸ்கேனரில் நேரடி அளவுகளை ஓடவிட்டு, ஒயர்க்கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பார்க்க வேண்டும். அளவு துள்ளும் இடமே பழுதின் இடம். மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றக்கூடியது. பத்து இழைகள் அறுந்து ஒன்றே எஞ்சிய ஒயரையும் அது தடையற்றது என்று காட்டும். இரு முனைகளிலும் கழற்றப்பட்ட மின்வழங்கு ஒயரிலோ எர்த் ஒயரிலோ 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து ஏறத்தாழ 0.9 ஆம்பியர் ஓடவிட்டால் அதன் பலவீனம் பல்பின் மங்கலில் தெரியக்கூடும். இசியு இணைந்திருக்கும்போதோ சிக்னல் ஒயரிலோ இதைச் செய்யக் கூடாது, இசியு கருகிவிடும்.

ஒதுக்கப்பட்ட பக்கங்கள் இத்துடன் முடிவதால், கிராங்க் சென்சாரும் அது படிக்கும் சக்கரத்தின் 60 பற்களில் இரண்டு ஏன் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன என்ற கேள்வியும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அதற்குள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியும் வண்டியை வைத்திருப்போர், விளக்கு எரிந்த இடம், நேரம், ஓடிய தூரம், மழை பெய்ததா, அண்மையில் வாட்டர் சர்வீஸ் செய்யப்பட்டதா என்பவற்றை ஓட்டுநரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கட்டும். புதிய சென்சாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பழைய கப்ளரைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும்.