மேடை, வெள்ளித்திரை, சின்னத்திரை: கே. பாலசந்தரின் இயக்கக் கலை

இயக்கம் என்னும் பணி திரைப்படத்தோடு பிறந்ததன்று. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களை ஒட்டி விடிய விடிய நடைபெறும் பாரதக் கூத்தில், யார் எந்த வேடம் கட்டுவது, எந்த இடத்தில் பாட்டு நின்று வசனம் தொடங்குவது, கட்டியக்காரன் எப்போது புகுந்து சிரிப்பூட்டுவது என்பவற்றை முடிவு செய்பவர் கூத்து வாத்தியார். இம்மாவட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் மூலக்கதையான அரவான் களப்பலி, கூத்து மேடையிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த அக்கதையையே ஒவ்வொரு முறையும் கண்கலங்கக் காணச் செய்வதில்தான் வாத்தியாரின் திறன் வெளிப்படுகிறது. பார்ப்பவரின் கவனத்தை எப்போது, எதன்மேல் நிறுத்துவது என்ற அந்த முடிவே, மேடையாயினும் திரையாயினும் இயக்கத்தின் உயிர்நிலை ஆகும்.

மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் இப்பணியை ஆற்றித் தனி முத்திரை பதித்தவர் கே. பாலசந்தர். 1930 ஜூலை 9 அன்று நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த அவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற காலத்திலேயே நாடகங்களில் ஈடுபட்டார். சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் இருந்தன. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்ததும், 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் பின்னர் நிகழ்ந்தவை. பட்டப்படிப்புக்குப் பின் முத்துப்பேட்டையில் சிறிது காலம் ஆசிரியராக இருந்த பாலசந்தர், 1950இல் சென்னைக்கு வந்து, அரசின் வரவு செலவுகளைத் தணிக்கை செய்யும் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார்.

பகலில் அலுவலகமும் மாலையில் ஒத்திகையுமாக வாழ்ந்தவர்களே அக்காலச் சபா நாடகங்களை வளர்த்தனர். சபா என்பது உறுப்பினரிடம் சந்தா பெற்று அவர்களுக்கு இசை, நாடக நிகழ்ச்சிகளை வழங்கும் அமைப்பு. நடிப்பையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற பழைய நாடகக் கம்பெனிகளைப் போலன்றி, பயில்முறைக் குழுக்களுக்குப் பெரிய திரைச்சீலைகளோ மாற்று அரங்க அமைப்புகளோ எளிதில் வாய்க்கவில்லை. ஆகவே ஒரே இடம், சில மாந்தர், அவர்களை நெருக்கும் ஒரு சிக்கல் என்ற அளவில் கதையைச் சுருக்கி, அதன் விசையை வசனத்திலும் உறவின் முரணிலும் தேடுவது பாலசந்தரின் வழியாயிற்று. அவருடைய ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழு அரங்கேற்றிய மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, எதிர்நீச்சல் முதலியவை நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கையை மேடைக்குக் கொண்டுவந்தன. அக்குழுவில் நாகேஷும் சுந்தரராஜனும் நடித்தனர்; பின்னவர் ஏற்ற மேஜர் வேடமே அவர் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்துவிட்டது.

1964இல் தெய்வத்தாய் படத்துக்கு வசனம் எழுதித் திரைக்குள் நுழைந்த பாலசந்தர், 1965இல் நீர்க்குமிழி வாயிலாக இயக்குநரானார். தம் நாடகத்தையே படமாக்கிய அவர், மருத்துவமனை என்னும் ஒரே களத்தை விட்டு அகலாமலே கதையை நடத்தினார். எதிர்நீச்சலில் பல குடும்பங்கள் குடியிருக்கும் ஒரு வீடும், அதன் மாடிப்படிக்கடியில் ஒண்டி வாழும் மாது என்னும் இளைஞனுமே ஓர் ஊரின் சமூகத்தைக் காட்டப் போதுமானவையாயின. மேடையில் பார்வையாளர் எந்த நடிகரை நோக்குவது என்பதை ஓரளவு தாமே தெரிவு செய்கின்றனர். திரையிலோ அண்மைக்காட்சியும் படத்தொகுப்பும் அத்தெரிவை இயக்குநர் கையில் ஒப்படைக்கின்றன. இவ்வதிகாரத்தைப் பாலசந்தர் பெரும்பாலும் பெண்களின் முகங்களை நோக்கித் திருப்பினார். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்ணை நடுவில் நிறுத்திய அவள் ஒரு தொடர்கதை (1974), அரங்கேற்றம் (1973) ஆகியவை அதற்குச் சான்று.

அவருடைய மேடை அறிவும் திரை அறிவும் ஒருங்கே முதிர்ந்து நிற்கும் படைப்பு தண்ணீர் தண்ணீர் (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய இப்படம், தண்ணீருக்காக மனுக் கொடுத்துச் சலித்து, தாமே கால்வாய் வெட்டத் துணிந்து, அதிகாரத்தால் தடுக்கப்படும் அத்திப்பட்டி மக்களின் கதை. மேடையில் சொல்லால் மட்டுமே உணர்த்தக்கூடிய வறட்சியை, வெடித்த நிலமாகவும் குடம் சுமந்து நடக்கும் நெடுந்தொலைவாகவும் திரை கண்முன் நிறுத்தியது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளை இது பெற்றது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, சாலைக்கும் பள்ளிக்கும் நெடுங்காலம் காத்திருந்த, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களுக்கு, அத்திப்பட்டியின் மனுக்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைக்காட்சி வந்தபோது, திரையில் பெயர் பெற்ற பலர் அதனைத் தாழ்வாகக் கருதியிருக்க, பாலசந்தர் அதற்கெனவே எழுதினார். தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ரயில் சிநேகம், கையளவு மனசு முதலிய தொடர்கள் இன்றும் நினைக்கப்படுகின்றன. இரண்டரை மணி நேரத்தில் முடிந்தாக வேண்டிய திரைப்படம் விட்டுச்செல்லும் வினாக்களை, தவணை தவணையாக நீளும் தொடர் ஆற அமர ஆராயலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1985இல் வெளிவந்த சிந்து பைரவியின் மாந்தர் பிற்காலத்தில் என்னவாயினர் என்பதை விரித்த சஹானா தொடர் இதற்கு நேரடி எடுத்துக்காட்டு. வீட்டுக் கூடத்தில் வேலைகளுக்கிடையே பார்ப்பவரை இருத்திவைக்கத் தேவையான கூர்மையான வசனமும் குறைந்த களமும், சபா மேடை அவருக்கு முன்பே கற்றுக்கொடுத்தவை.

அவருடைய படங்களில் பேச்சு மிகுதி, மேடைத்தன்மை மறையவில்லை என்ற விமர்சனம் தொடர்ந்து எழுந்தது. சில படங்களைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் நடிகரை உருவாக்கும் பொறுமையும், காசு குறைந்த இடத்தில் கற்பனையைக் கொண்டு ஈடுசெய்யும் துணிவும் அதே மேடையிலிருந்து வந்தவையே. 1975இல் அபூர்வ ராகங்களில் ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியதும், கமல்ஹாசனைப் பல படங்களில் வளர்த்ததும் அப்பயிற்சியின் தொடர்ச்சி எனலாம். 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற பாலசந்தர், 2014 டிசம்பர் 23 அன்று மறைந்தார்.

ஓர் எழுத்தர், அலுவலக நேரம் போக எஞ்சிய மாலைகளில், நண்பர்களையும் ஓர் எளிய மேடையையும் கொண்டு இயக்கத்தைக் கற்றார் என்பதே இவ்வரலாறு தரும் முதற் பாடம். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலும் பயிலும் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த ஒளிப்படக் கருவி உடனே கிட்டாமல் போகலாம். ஊர்க் கூத்து வாத்தியாரும் பள்ளி மேடையும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் கலைத் திருவிழாவைப் பரிசுப் போட்டியாக மட்டும் விட்டுவிடாமல், மூத்த கூத்துக் கலைஞர்களை அழைத்து மாணவருக்கு ஆண்டு முழுவதும் நாடகப் பயிற்சி தருவதற்கான தொடக்கமாக ஆசிரியர்களும் பெற்றோரும் ஆக்கிக்கொள்ள வேண்டும்.