எருக்கலையும் வண்ணத்துப்பூச்சியும்

மன்னார்த் தீவைப் பார்க்க வருகின்றவர்களுக்கு நாம் காட்டும் பொருள்கள் சில உண்டு. கோட்டையைக் காட்டுவோம், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைக் காட்டுவோம், வீதியை மறித்து நிற்கும் கழுதைகளை அவர்கள் தாமே கண்டுகொள்வர். பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் நெடுவீதியின் ஓரங்களில் வெறும் மணலிலே செழித்து நிற்கும் எருக்கலையை மட்டும் எவரும் எவருக்கும் காட்டுவதில்லை. ஆடும் மாடும் பெரும்பாலும் வாய் வைக்காத செடி. பிள்ளையாருக்கு மாலை கட்டுவோர் மட்டும் தேடிச் செல்லும் பூ. நேயர்களே, இந்தச் செடியிலே பிறந்து, இதனையே உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதனை முட்டையிலிருந்து நம் வீட்டிலேயே வளர்த்துப் பார்க்கலாம். செலவு ஏறக்குறைய இல்லை. மூன்று நான்கு வாரப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

வட அமெரிக்காவில் 'மொனாக்' என்னும் வண்ணத்துப்பூச்சியை வீடுகளிலும் பள்ளிகளிலும் முட்டையிலிருந்து வளர்ப்பது பெருவழக்கு. மொனாக் என்றால் மன்னர். மன்னாரிலே அந்த மன்னர் இல்லை. ஆயினும் அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் இங்கே உண்டு. இருவரும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவர்கள்; இருவருக்கும் 1758 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு பெயரிட்டார். நம்மவருக்குத் தமிழ் ஆர்வலர்கள் அண்மைக்காலத்தில் 'வெந்தய வரியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெந்தயத்தை ஒத்த செம்மஞ்சள் நிறம், முன் சிறகின் நுனியில் கருமை, அக்கருமையின் நடுவே வெண்பட்டை, இவையே அடையாளம். எகிப்து நாட்டில் நெபாமுன் என்பவனுடைய கல்லறைச் சுவரிலே ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற வேட்டைக் காட்சி இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாணல்களுக்கிடையே அதில் பறப்பதும் இதே பூச்சிதான். நைல் நதிக்கரை ஓவியன் கண்ணெடுத்துப் பார்த்த ஒன்றை நம் வேலியோரத்தில் நாம் பாராமல் இருப்பது சரியன்று.

முதலில் முட்டையைத் தேட வேண்டும். அதற்குத் தாய்ப்பூச்சியைப் பின்தொடர்வதே சிறந்த வழி. அது எருக்கலையைச் சுற்றித் தாழப் பறக்கும். இலையில் அமர்ந்து கால்களால் தட்டிப் பார்க்கும். பூச்சிக்குச் சுவையறியும் புலன் காலிலும் உண்டு. தகுந்த இலைதான் என்று தெரிந்ததும் வயிற்று நுனியை வளைத்துப் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு எழுந்து செல்லும். குண்டூசித் தலையளவேனும் இல்லாத அம்முட்டை வெண்மையானது. இலையில் உலர்ந்த பாற்றுளியும் அப்படியே தோன்றும் ஆதலால் ஏமாறக்கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் முட்டையின்மேல் நெடுக்காக ஓடும் வரிகள் தெரியும். பாற்றுளியில் வரி இராது. முட்டையைச் சுரண்டி எடுக்கலாகாது. இலையோடு கொய்துகொள்க.

இங்கே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஓர் எச்சரிக்கை. எருக்கலைப் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. நோவு அதிகம் தோன்றாமலே விழிப்படலம் பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கக்கூடும். ஆகவே இலை பறிப்பதைப் பெரியவர்கள் செய்யட்டும்; பறித்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். தவறிக் கண்ணிற் பட்டுவிட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வங்காலைச் சரணாலயம், ஆதாம்பாலத் தேசிய பூங்கா போன்ற இடங்களில் இலையையோ பூச்சியையோ தொட வேண்டாம். அவை சட்டத்தின் காவலில் உள்ளவை. வீதியோரத்தில் வேண்டிய அளவு இருக்கும்போது அங்கே போவானேன்?

வாயகன்ற போத்தல் ஒன்றின் அடியில் கடதாசி விரித்து இலையை இடுக. வாயை மெல்லிய பருத்திச் சீலையால் கட்டுக. மூன்று நான்கு நாளில் முட்டையின் முனை கறுக்கும். அது உள்ளிருக்கும் புழுவின் தலை. வெளிவந்த புழு முதலில் தன் முட்டையோட்டையே உண்ணும். அயலில் வேறு முட்டை இருந்தால் அதையும் உண்டுவிடக்கூடும். ஆதலால் போத்தலுக்கு ஒன்றே போதும்.

பாடநூல்கள் இப்பருவத்தைக் குடம்பி என்று கூறும். நம் ஊரிலோ புழு என்றாலே 'மயிர்க்கொட்டி' என்று அலறி விளக்குமாற்றைத் தேடுவார்கள். இதற்கு மயிருமில்லை, சுணையுமில்லை. கருமை, வெண்மை, மஞ்சள் ஆகிய நிறங்களில் வளையம் வளையமாக அழகுற்று, முதுகில் மூன்று சோடி கரிய இழைகளுடன் இருக்கும். மொனாக்கின் புழுவுக்கு இரண்டு சோடியே. இது உண்ணும் விதமும் வேடிக்கையானது. எருக்கலையின் பால் புழுவின் வாயையே ஒட்டிவிடவல்லது. ஆகையால் அது நரம்பையோ காம்பையோ முதலிற் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கப்பால் உள்ள இலைப் பகுதியை ஆறுதலாக உண்கிறது. எந்தப் பாடசாலையில் படித்ததோ!

இலையிலுள்ள நஞ்சில் ஒரு பகுதி புழுவின் உடலில் தங்கிப் பூச்சிக்கும் போய்ச் சேர்கிறது. அதன் அளவு பூச்சிக்குப் பூச்சி வேறுபடும். ஒருமுறை தின்ற பறவை அந்நிறத்தை மறவாது. 1960களில் அமெரிக்க அறிஞர் லிங்கன் பிரவர் மொனாக்கை ஒரு பறவைக்கு ஊட்ட, அது கக்கிவிட்டதைப் படமெடுத்துக் காட்டினார். நஞ்சில்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் நம் வெந்தய வரியனைப் போலவே வேடம் பூண்டு பறவைகளை ஏய்க்கிறது. அதன் ஆணோ கருஞ்சிறகில் வெண்புள்ளிகளோடு திரியும். அதற்கு வேடம் வேண்டியதில்லை போலும்!

வளர்ப்பில் நாள்தோறும் செய்ய வேண்டியவை மூன்று: புதிய இலை இடுதல், எச்சத்தை அகற்றுதல், எறும்பைத் தடுத்தல். புழு பெரிதானதும் பெட்டியொன்றை நுளம்பு வலையால் மூடி, எருக்கலைக் கொப்பை நீருள்ள சிறு போத்தலில் நிறுத்துக. புழு நீரில் விழாதவாறு போத்தலின் வாயைத் துணியால் அடைத்துவிடுக. மேசைக் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைப்பது நம் பாட்டிமார் கண்ட பழைய உபாயம். எறும்புக்கு அதைவிட நல்லது கிடையாது. கடும் வெயிலும் சோழகக் காற்றும் நேரே படும் இடம் ஆகாது. நுளம்புத் திரி கொளுத்தும் அறையில் புழுவை வைப்பது அதனைக் கொல்வதற்குச் சமம்.

புழு நான்குமுறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் உண்ணாமல் அசையாமல் கிடக்கும். பிள்ளைகள் நோய் என்று எண்ணித் தொட்டுப் பார்ப்பார்கள்; தொடவிடாதீர்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது உணவை வெறுத்து அலையத் தொடங்கும். பின்னர் மேற்புறத்தில் சிறு பட்டு முடிச்சொன்றை நெய்து, தலைகீழாகத் தொங்கி, தூண்டில்போல் வளையும். மறுநாள் தோல் கிழிந்து விழ, பச்சையாகவோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ ஒரு கூட்டுப்புழு தொங்கும். அதன்மேல் பொன்போல் மின்னும் புள்ளிகளைக் காணலாம். கூட்டுப்புழுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பொன் என்னும் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் அல்லது பத்து நாள் சென்றதும் கூடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்த சிறகின் நிறம் தெரியும். மறுநாட் காலையில் பெரும்பாலும் பூச்சி வெளிப்படும். சிறகு அப்போது நனைந்த துணிபோல் கசங்கியிருக்கும். தொங்கிக்கொண்டே அதனை விரித்து உலர்த்த இடமும் ஓரிரு மணி நேரமும் வேண்டும். அவ்வேளை செந்நிற நீர் சொட்டும். அது இரத்தமன்று, கூட்டினுள் தேங்கிய கழிவு. பின் சிறகின் கரும்புள்ளிகளை எண்ணுங்கள்: நடுவில் மூன்றாயின் பெண், நான்காயின் ஆண். அன்றே பூக்களிருக்கும் இடத்தில் விட்டுவிடுக.

எல்லா முட்டையும் பூச்சியாகிவிடும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். வெளியிலிருந்து பெரிய புழுவாகக் கொணர்ந்தால், சிலவற்றின் உடலுக்குள்ளே ஒருவகை ஈயின் குஞ்சுகள் முன்னரே குடிபுகுந்திருக்கும். கூட்டுப்புழு கறுத்து, அதிலிருந்து வெண்ணிறப் புழுக்கள் நூல்விட்டு இறங்கும். பிள்ளை அழும். அந்த ஈயை அடித்துக் கொன்று பிள்ளையின் கண்ணீரைத் துடைப்பது எளிது. நான் அதற்கு உடன்படேன். ஈயும் தன் குஞ்சுக்கு உணவு தேடியதே. 1660 ஆம் ஆண்டில், சேற்றிலிருந்து பூச்சிகள் தாமே பிறக்கின்றன என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், பிராங்பேட் நகரத்தில் மரியா சிபில்லா மெரியன் என்னும் 13 வயதுச் சிறுமி பட்டுப்புழுக்களை வளர்த்து நோக்கத் தொடங்கினாள். பிற்காலத்தில் அவர் தீட்டிய பூச்சிச் சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றன. புழுவுக்குள்ளிருந்து ஈ வெளிவந்ததையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

வீட்டில் வளர்த்து விடுவதால் வண்ணத்துப்பூச்சி இனம் பெருகுமா? அமெரிக்காவில் பலர் அவ்வாறே நம்பினர். மொனாக் குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைகளை நோக்கி ஆயிரக்கணக்கான மைல் பறப்பது. அது தங்கும் காடு 1975 இல்தான் ஆய்வாளருக்குத் தெரியவந்தது. வீட்டினுள் வளர்க்கப்பட்டவை தென்றிசையை அறியாமல் தடுமாறின என்று 2019 இல் ஓர் ஆய்வு கூறியது. வெளியில் விட்டபின் பெரும்பாலானவை திசையைக் கண்டுகொண்டன என்று 2021 இல் மற்றோர் ஆய்வு கூறியது. வழக்கு முடியவில்லை. ஆனால் ஆய்வாளர் பலர் கூறுவது ஒன்று உண்டு: அங்கே வயல்களில் களைநாசினி தெளித்து எருக்கலையின் இனத்துச் செடிகளை அழித்தமை மொனாக்கின் வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்களில் ஒன்று. செடி இல்லாத இடத்தில் வளர்த்து விட்ட பூச்சி எங்கே முட்டையிடும்?

நம் வெந்தய வரியன் இன்று அருகிவரும் இனமன்று. ஆகவே நான்கைந்து முட்டைக்கு மேல் எடுக்க நமக்குத் தேவையுமில்லை. நெருக்கி வளர்த்தால் நோய்தான் பரவும். ஆயினும் பாடசாலைகளிலே சிரமதானம் என்றால் முதலில் மண்வெட்டிக்கு இரையாவது எருக்கலை. மதிலோரத்தில் நான்கு செடியை நிற்கவிடுங்கள் என்று சக அதிபர்களை வேண்டுகிறேன். விளையாட்டுத் திடலுக்கு அருகில் வேண்டாம், பால் ஆபத்து. மறைவான மூலையில் நிற்கட்டும். இரண்டை வெட்டி இரண்டை விட்டால், வெட்டியவை மாரி மழைக்குப் பின் இளந்தளிர் விடும். தாய்ப்பூச்சி விரும்புவதும் தளிரையே. அருகே தேள்கொடுக்குச் செடி இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். வாடிய தேள்கொடுக்கில் ஆண் பூச்சிகள் கூடிச் சாறுறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்துக்கு வேண்டிய பொருள் அவற்றுக்கு அதிலிருந்தே கிடைக்கிறது.

எருக்கலை கிடைக்காத கொழும்பிலும் மலைநாட்டிலும் இருக்கும் நேயர்கள் எலுமிச்சையையோ கறிவேப்பிலையையோ பாருங்கள். பறவையின் எச்சம்போல் தோன்றும் சிறு புழு அவற்றில் இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். வளர்ப்பு முறை இதுவே. ஆனால் அது தலைகீழாகத் தொங்காது. இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து சாய்ந்திருக்கும். அதற்கு ஒரு குச்சியை நிறுத்திவைக்க மறவாதீர்கள்.