விபீஷணன் எந்தப் பக்கம்? சீட்டுக்கட்டில் சேரும் நான்கு படைகள்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் பிள்ளையார் வீற்றிருக்கிறார். அவர் நெற்றியில் ஒரு வடு உண்டு. அது குட்டு விழுந்த வடு என்பார்கள்.

பிள்ளையாரையே குட்டியவன் யார்?

விபீஷணன்!

கதை இதுதான். இராமபிரானின் பட்டாபிஷேகம் முடிந்தது. போரில் துணை நின்ற விபீஷணனுக்கு அவர் ரங்க விமானத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதை அவன் இலங்கைக்கு எடுத்துச் சென்றான். வழியில் காவிரி வந்தது. மாலைக் கடன் முடிக்க வேண்டும். ஆனால், விமானத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அங்கே நின்ற ஒரு சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினான்.

சிறுவன் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டான். வைத்த இடத்திலேயே அது நிலைத்துவிட்டது. அந்த இடம்தான் ஸ்ரீரங்கம். கோபம் கொண்ட விபீஷணன் சிறுவனைத் துரத்தினான். மலை உச்சியில் பிடித்து, நெற்றியில் குட்டினான். அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சிறுவன் பிள்ளையார் என்று! விபீஷணனுக்காக அரங்கன் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளி கொண்டார் என்பது ஐதிகம்.

விபீஷணன் இராவணனின் தம்பி. பிறந்தது அரக்கர் குலத்தில். நின்றது இராமன் பக்கத்தில். அவனை எந்தப் படையில் சேர்ப்பது?

கோவிலில் இந்தக் கேள்வி எழாது. ஆனால், சீட்டுக்கட்டு செய்ய உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

சீட்டு என்றால் சூதாட்டமா?

சீட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. சீட்டில் பணத்தைத் தொலைத்து நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் பல. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2025-ல் சட்டமே கொண்டுவந்தது.

ஆனால், குற்றம் பணயத்தில் இருக்கிறது, சீட்டில் இல்லை. பணயம் வைக்காத சீட்டு ஆட்டமும் உண்டு. ஒருவரை ஒருவர் வீழ்த்தாமல், கூட்டாக ஆடும் ஆட்டமும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் '304' என்று ஓர் ஆட்டம் பிரபலம். நான்கு பேர் ஆடுவார்கள். எதிரெதிரே உட்காருபவர்கள் இருவரும் ஒரு கட்சி. அதில் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30 புள்ளி. 9-க்கு 20 புள்ளி. ராஜாவுக்கோ வெறும் 3 புள்ளிதான்! ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 புள்ளி. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் அப்படி வந்ததுதான்.

அரண்மனையில் ராஜா பெரியவர். இந்தக் கட்டில் சேவகன் பெரியவன். யார் பெரியவர் என்பதைக் கட்டு செய்தவர்தானே முடிவு செய்கிறார்!

வட்டமான சீட்டு

இந்தியாவின் பழைய சீட்டு சதுரமானது அல்ல, வட்டமானது. அதற்குக் 'கஞ்சிபா' என்று பெயர். மொகலாய மன்னர் பாபர் 1527-ல் தம் நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபாச் சீட்டு அனுப்பியதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அவருடைய பேரர் அக்பர் காலத்தில் 12 இனங்கள் கொண்ட கட்டு இருந்தது. ஓர் இனத்துக்கு 12 சீட்டு, மொத்தம் 144. அந்த இனங்கள் என்ன தெரியுமா? குதிரைப் படை, யானைப் படை, காலாட் படை, கப்பல் படை என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அரசன், ஒரு மந்திரி, 1 முதல் 10 வரை எண் சீட்டுகள்.

துணியைப் பல மடிப்பாக ஒட்டி, புளியங்கொட்டைப் பசை தடவி, சுண்ணப் பொடி பூசி, வழவழப்பாகத் தேய்த்து, அதன் மேல் படம் எழுதுவார்கள். ஒவ்வொரு சீட்டும் கையால் தீட்டிய ஓவியம்.

பத்து அவதாரம், 120 சீட்டு

பிறகு இந்தச் சீட்டில் அவதாரங்கள் புகுந்தன. பத்து அவதாரத்துக்குப் பத்து இனம். மொத்தம் 120 சீட்டு. மச்சாவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, வாமனனுக்குக் கமண்டலம், பரசுராமனுக்குக் கோடரி என்று அடையாளம் போட்டார்கள். பகலில் ஆடினால் இராமன் சீட்டு வைத்திருப்பவர் தொடங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணன் சீட்டு வைத்திருப்பவர் தொடங்குவார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் தசாவதார சந்நிதி இருக்கிறது. பத்து அவதாரங்களும் ஒரே கருவறையில் வரிசையாக நிற்கும் காட்சியை அங்கே காணலாம். திருமங்கை ஆழ்வார் கட்டியது என்று சொல்லுவார்கள். அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குக் கஞ்சிபாக் கட்டு எளிதில் விளங்கிவிடும்.

கஞ்சிபாவில் ஒரு வேடிக்கை உண்டு. பாதி இனங்களில் 10 பெரியது, 1 சிறியது. மறு பாதியில் நேர்மாறு. அங்கே 1-தான் மந்திரிக்கு அடுத்த பெரிய சீட்டு. 10 கடைசி!

ஒடிசாவின் ஓவியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இராமாயணத்தையே சீட்டுக்கட்டு ஆக்கினார்கள். பாதி இனங்கள் இராமன் படை. பாதி இனங்கள் இராவணன் படை.

மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1799 முதல் 1868 வரை ஆண்டவர்) புதுப் புதுக் கட்டுகளைத் தாமே வகுத்தார். சில கட்டுகளில் 300-க்கு மேற்பட்ட சீட்டுகள்!

இன்று மைசூரிலும், பூரிக்கு அருகே ரகுராஜ்பூரிலும், வங்காளத்து விஷ்ணுபூரிலும், மராட்டியத்துச் சாவந்த்வாடியிலும் இந்தச் சீட்டு எழுதும் கைகள் சில இருக்கின்றன. ஆனால், வாங்குகிறவர்கள் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறார்கள். ஆடத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். ஆடாத சீட்டு படம்தான், சீட்டு அல்ல.

எல்லோரும் ஒரே கட்சி

மேல் நாட்டில் இப்போது ஒரு புது வகை ஆட்டம் பரவி வருகிறது. அதில் எதிரி மனிதர் அல்ல. எதிரியும் ஒரு சீட்டுக்கட்டே! ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. வென்றால் எல்லோரும் வெல்லுவார்கள். தோற்றால் எல்லோரும் தோற்பார்கள்.

'லார்டு ஆப் தி ரிங்ஸ்' என்ற ஆங்கிலக் கதையை வைத்து அமெரிக்காவில் 2011-ல் அப்படி ஓர் ஆட்டம் வந்தது. மனிதர், குள்ளர், வன தேவதைகள் எனப் பல கூட்டத்தார் சேர்ந்து ஒரு கொடியவனை எதிர்க்கும் கதை அது. ஆடுகிறவர் குறைந்தது 50 சீட்டுகளைத் தாமே பொறுக்கித் தம் கட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர்கள் பலமான சீட்டுகளாகப் பொறுக்குவார்கள், தோற்பார்கள். பழகியவர்கள் ஒன்றுக்கு ஒன்று உதவும் சீட்டுகளாகப் பொறுக்குவார்கள். குள்ளர் தலைவன் ஒருவனது சீட்டு தயார் நிலையில் இருந்தால், மேசையில் உள்ள குள்ளர் அனைவருக்கும் பலம் கூடும். கட்டின் இரகசியம் இதுதான்: பலம் சீட்டில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது.

ஏழு சகோதரர்கள்

இந்த இரகசியம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. கம்பர் தமது இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் ஸ்ரீரங்கம் கோவிலில் தாயார் சந்நிதி அருகே இருக்கிறது. அந்தக் காவியத்தில் இராமன் தன் உடன்பிறந்தவர்களை எண்ணிக் காட்டுகிறான். பிறப்பால் நால்வர். குகன் சேர்ந்ததும் ஐவர். சுக்கிரீவன் சேர்ந்ததும் அறுவர். விபீஷணன் சேர்ந்ததும் எழுவர்.

அரச குமாரர், படகோட்டும் வேடர், வானரர், அரக்கர் என்று நான்கு கூட்டம், ஒரே குடும்பம்! கூட்டணிக் கட்டு செய்ய இதைவிட நல்ல கதை வேறு உண்டா?

வீட்டில் செய்வது எப்படி?

பழைய கல்யாணப் பத்திரிகைகளே போதும். தடித்த அட்டையில் ஒரே அளவாக 60 வட்டங்கள் வெட்டவேண்டும்.

முதல் 48 சீட்டுகள் கூட்டாளிகள். நான்கு படை, படைக்கு 12 சீட்டு.

பச்சை, அயோத்தி: தலைவன் இராமன், துணைவன் இலக்குவன்.

நீலம், கங்கைக் கரை: தலைவன் குகன், துணைவன் ஒரு படகோட்டி.

மஞ்சள், கிஷ்கிந்தை: தலைவன் சுக்கிரீவன், துணைவன் அனுமன்.

சிவப்பு, இலங்கையிலிருந்து வந்தவர்கள்: தலைவன் விபீஷணன், துணைவன் அவனோடு வந்த அனலன்.

தலைவனுக்கு மதிப்பு 12. துணைவனுக்கு 11. மற்றவை 10 முதல் 1 வரை.

1 என்ற சீட்டில் ஓர் அணில் படம் போட வேண்டும். சேது கட்ட உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் தமது திருமாலையில் பாடியிருக்கிறார். அவர் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து மாலை கட்டியவர். ஆகவே அணில் இந்த ஊருக்கு உறவு!

மீதி 12 சீட்டுகள் இராவணன் படை. மதிப்பு 20, 22, 24 என்று இரண்டு இரண்டாகக் கூடி 42 வரை போகும். 42 இராவணன். 40 இந்திரசித்து. 38 கும்பகருணன். மற்றவற்றுக்கு அதிகாயன், மகரக்கண்ணன் போன்ற பெயர்களை எழுதலாம்.

ஆடுவது எப்படி?

நான்கு பேர் ஆடலாம். கூட்டாளிச் சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கு 12 போட வேண்டும். இராவணன் படையைக் கலைத்துக் கவிழ்த்து நடுவில் வைக்க வேண்டும்.

மேல் சீட்டைத் திறக்க வேண்டும். நான்கு பேரும் முறையாக ஆளுக்கு ஒரு சீட்டு இறக்க வேண்டும். நான்கையும் கூட்டினால் எதிரியின் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ வரவேண்டும். நான்கு சீட்டும் நான்கு படையாக இருந்தால் 10 கூடுதல். அதில் அணிலும் இருந்தால் 10-க்குப் பதில் 15.

கையில் உள்ள எண்ணைச் சொல்லக் கூடாது. எந்தப் படை இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

விபீஷணன் இறங்கினால் அடுத்த எதிரிச் சீட்டை முன்கூட்டியே பார்க்கலாம். இலங்கையின் இரகசியம் அவனுக்குத் தெரியுமே! குகன் இறங்கினால் இருவர் தங்களுக்குள் ஒரு சீட்டை மாற்றிக்கொள்ளலாம். குகன் போருக்குப் போனவன் அல்ல, ஆற்றைக் கடத்திவிட்டவன். வாள் பிடித்தவன் மட்டும்தானா கூட்டாளி?

ஒரு சுற்றில் தோற்கலாம். இரண்டாவது சுற்றிலும் தோற்றால் ஆட்டம் போச்சு.

கணக்கு சொல்லும் பாடம்

எதிரி 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். அயோத்தி 9, அயோத்தி 10, கிஷ்கிந்தை 7, இலங்கை 5 இறங்கின. கூட்டினால் 31. தோல்வி! அந்த 10-க்குப் பதிலாகக் கங்கைக் கரை 4 இறங்கியிருந்தால்? 25-தான் வரும். ஆனால் நான்கு படையும் சேர்ந்ததற்கு 10 கூடி, 35 ஆகிவிடும். வெற்றி! பெரிய சீட்டு தோற்ற இடத்தில் சின்னச் சீட்டு ஜெயிக்கிறது.

முழுக் கட்டையும் கூட்டிப் பார்த்தாலும் இதுதான். கூட்டாளிகளின் 48 சீட்டும் சேர்ந்து 312. இராவணன் படை 372. இராவணனையே விட்டுக்கொடுத்தாலும் 330 பாக்கி. ஆகவே, படைகள் சேராவிட்டால் எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் தோல்வி நிச்சயம்.

ஆனால், ஒரு நல்ல செய்தி. சீட்டை எப்படிக் கலைத்துப் போட்டாலும், 12 சுற்றிலும் நான்கு படைகள் சேர வழி இருக்கிறது. யார் எதை எப்போது இறக்குவது என்பதைக் கூடிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மற்ற ஆட்டங்களில் கடைக்குட்டிக்கு இடம் கிடைக்காது. "உனக்கு ஆடத் தெரியாது, தள்ளி உட்கார்" என்பார்கள். கண் மங்கிய பாட்டியும் ஒதுங்கிக் கொள்வார். இந்த ஆட்டத்தில் அது நடக்காது. கடைக்குட்டியின் கையில் உள்ள அணிலுக்காக அண்ணன் காத்திருக்க வேண்டும். பாட்டி கையில் உள்ள சிவப்புச் சீட்டை அப்பா கெஞ்சிக் கேட்க வேண்டும்.

விபீஷணன் எந்தப் பக்கம்? அவன் பிறந்த பக்கத்தைப் பார்த்து இராவணன் கட்டில் போட்டால், கூட்டாளிகளுக்கு ஒரு படை குறையும். நான்கு படை ஒரு நாளும் சேராது. அவன் இல்லாமல் இந்த ஆட்டத்தில் வெற்றி இல்லை.

வந்து சேர்ந்தவனையும் தம்பி என்று எண்ணிக்கொண்டவர்களுக்கே இலங்கை வசமாயிற்று. அரண்மனையில் ஆனாலும் சரி, அட்டைச் சீட்டில் ஆனாலும் சரி, கணக்கு ஒன்றுதான்!