கொலைக் கதைக்கும் மதிப்புரை வேண்டும்

1944 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில் எட்மண்ட் வில்சன் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பெரிய இலக்கிய விமர்சகர் அவர். துப்பறியும் கதைகளை ஜனங்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. சில நாவல்களைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறவில்லை என்று எழுதிவிட்டார்.

வாசகர்கள் சும்மா விடவில்லை. ‘நீங்கள் படித்தது சரியில்லை, இதைப் படியுங்கள்’ என்று கடிதங்கள் குவிந்தன. பலர் சிபாரிசு செய்த டாரதி சேயர்ஸின் ‘தி நைன் டெய்லர்ஸ்’ நாவலையும் வில்சன் எடுத்துப் பார்த்தார். தேவாலய மணியடிக்கும் கலை பற்றி அதில் வரும் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் படித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 1945 ஜனவரியில் வந்த இரண்டாவது கட்டுரை முதலாவதைவிடக் காட்டம்.

வில்சனின் படிப்பைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள், நடை சப்பை என்ற புகாரிலும் நியாயம் உண்டு. ஆனால் புதிரை ரசிக்கத் தெரியாதவர் புதிர்க்கதைக்குத் தீர்ப்பு எழுதலாமா? பக்கத்தைத் தள்ளிப் படித்தவருக்குத் தடயம் எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் போல அமைந்தது ஆன்டனி பௌச்சரின் வாழ்க்கை. 1951 முதல் 1968-இல் இறக்கும்வரை ‘நியூயார்க் டைம்ஸ்’ புத்தகப் பகுதியில் குற்ற நாவல்களுக்கு மதிப்புரை எழுதியவர் அவர். ஒரே பத்தியில் பல நாவல்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளில் கதை எந்த வகை, எங்கே புதுமை, எங்கே சறுக்கல் என்று சொல்ல வேண்டும். கொலையாளி யார் என்பது கசிந்துவிடவும் கூடாது. தொழில் தெரிந்தவரால்தான் இது முடியும். பௌச்சருக்குத் தெரிந்திருந்தது. அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். வானொலிக்கு ஷெர்லக் ஹோம்ஸ் நாடகங்கள் எழுதியவர். 1949-இல் தொடங்கிய ஒரு விஞ்ஞானக் கதை இதழின் ஆசிரியர்களில் ஒருவர். இன்று உலக இலக்கியத்தின் சிகரங்களில் ஒருவராகக் கொண்டாடப்படும் போர்ஹேஸின் கதையை 1948-இல் முதன்முதலாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அது வெளியானது ‘எல்லரி குயின்’ என்ற மர்மக்கதை இதழில்!

ஒவ்வொரு வகைக் கதையும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அதைக் காப்பாற்றியதா என்று பார்ப்பதே மதிப்புரையாளரின் முதல் வேலை. துப்பறியும் கதையில் தடயங்கள் வாசகர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தால் அது மோசடி. காதல் கதை கல்யாணத்தில்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இருவரையும் பிரித்து வைக்கும் காரணம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் மனஸ்தாபத்தை 200 பக்கம் இழுக்கக் கூடாது. ராஜராஜன் காலத்து அரண்மனைச் சமையலில் மிளகாய் வற்றல் தாளித்தால் சரித்திர நாவல் அங்கேயே விழுந்தது. மிளகாயை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், பல நூற்றாண்டு கழித்து.

தமிழில் இந்த வகைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. சங்கர்லால், கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, விவேக்–ரூபலா என்று வீட்டு மனிதர்களைப் போல நெருங்கிய துப்பறிவாளர்கள் உண்டு. ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ரமணிசந்திரனின் குடும்பக் காதலுக்கும் இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்யத்துக்கும் தனித்தனி வாசகர் கூட்டமே இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கடையில் மாத நாவல் வாங்கிப் படிக்கப் பழகியவர்கள் ஏராளம்.

மதிப்புரைதான் இல்லை. இலக்கியப் பத்திரிகைகள் இவற்றைத் தொடுவதே அபூர்வம்; வெகுஜனப் பத்திரிகைகளோ தொடராக வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டன. 2008-இல் சென்னையின் ‘ப்ளாஃப்ட்’ பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, இந்த எழுத்தாளர்கள் தமிழே அறியாத வாசகர்களையும் எட்டினார்கள். சொந்த மொழியில் கிடைக்க வேண்டிய கவனம் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது வருத்தத்துக்குரியது. ஒரே உத்தியை நூறாவது முறை பயன்படுத்தும்போது, ‘இது பழசு, வேறு செய்யுங்கள்’ என்று அக்கறையோடு சொல்ல யாருமில்லாமல் போனது எழுத்தாளர்களுக்கும் நஷ்டம்.

இப்போது நாவல்கள் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் வந்து குவிகின்றன. அங்கே வாசகர்கள் நட்சத்திரம் போடுகிறார்கள். பிடித்ததா இல்லையா என்பது அதில் தெரியும். ஏன் என்பது தெரியாது.

வாரப் பத்திரிகை ஆசிரியர்கள் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். ஐந்து புது நாவல்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து வரி. எழுதுபவர் அந்த வகைக் கதைகளை ஆசையோடு படித்து வளர்ந்தவராக இருக்கட்டும். குறை சொன்னால் எந்த அத்தியாயத்தில் என்று காட்டட்டும். கொலையாளியின் பெயரை மட்டும் சொல்லாமல் விடட்டும். அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று வாசகர்களும் தங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.