பாடியில் விளைந்த ஜப்பான் பரிசு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் சிங்கபெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம் கூட்ரோடு. ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்றால், கம்பெனி பஸ்கள் நான்கு திசைக்கும் பிரிந்து போவதைப் பார்க்கலாம். இந்த வட்டாரத்தில் ஆலை அமைத்த ஜப்பானியப் பெயர்களில் இரண்டு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியவை. நிசான் 1960இல் வாங்கியது, கோமாட்சு 1964இல். ஒரகடத்தில் அப்போது ஏரித் தண்ணீரை நம்பி விவசாயம் நடந்துகொண்டிருந்தது.

பரிசு வாங்கியவர்கள் தொழில் தொடங்க வந்ததால்தான் அந்தப் பரிசும் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று யாராவது நினைத்தால், தவறு. அவர்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வேறொரு வழியில் சென்னையின் பாடிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பரிசுக்கு ஊர் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. நோபல் என்றதும் பரிசாளரின் சொந்த ஊரைத் தேடிப் போவது நம் வழக்கம். சர் சி.வி. ராமன் திருவானைக்காவலில் பிறந்தவர். வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். சுப்ரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில், படித்தது சென்னையில், ஆய்வில் வாழ்ந்தது சிகாகோவில். ஒரே மனிதருக்கு மூன்று ஊர்கள் உரிமை கொண்டாடலாம். தொழிற்சாலைக்குக் கிடைக்கும் பரிசில் அந்தச் சிக்கல் இல்லை. எந்த ஷெட்டில் வேலை நடந்ததோ அதுதான் அதன் பிறந்த ஊர்.

ஜப்பானின் இந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் ஓர் அமெரிக்கப் புள்ளியியலாளர். போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானுக்கு 1950இல் போய், உற்பத்தியில் புள்ளியியலைப் பயன்படுத்துவது எப்படி என்று பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் எடுத்தார். அந்தச் சொற்பொழிவுகள் அச்சாகி விற்ற பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்து 1951இல் பரிசு தொடங்கியது. டொயோட்டா 1965இலும் பிரிட்ஜ்ஸ்டோன் 1968இலும் அதை வாங்கின. வெளிநாட்டுக்குக் கதவு திறந்த பிறகு, 1989இல் அமெரிக்காவின் புளோரிடா மின் நிறுவனம் முதல் வெற்றியாளர் ஆனது.

இந்தியாவின் முறை 1998இல் வந்தது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு அதை வென்றது. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அதுவும் பாடி. 2002இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார். 2003இல் சோளிங்கரில் உள்ள பிரேக்ஸ் இந்தியா வார்ப்பாலையும், சென்னையின் ரானே பிரேக் லைனிங்ஸும். 2004இல் மறுபடி பாடி, லூகாஸ் டிவிஎஸ். ரானே குழுமத்தில் மட்டும் 2003க்கும் 2007க்கும் இடையே நான்கு நிறுவனங்கள் வாங்கின. தில்லிப் பக்கமும் சில கம்பெனிகள் வென்றன. ஆனாலும் இந்தியாவின் முதல் டெமிங் பரிசுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், மை கொட்டியதுபோல் கறுத்துத் தெரிவது சென்னையின் வடமேற்கு மூலைதான்.

ஏன் அங்கே? மாருதி வந்து ஜப்பானியத் தரத்தைக் கேட்டதும், தாராளமயம் வந்த 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பயமும் எல்லா ஊருக்கும் பொதுவான காரணங்கள்தான். பாடிக்கும் அம்பத்தூருக்கும் கூடுதலாக இருந்தது அக்கம்பக்கம். ஒரே குடும்பத்துக் கம்பெனிகள், ஒருவருக்கொருவர் பாகம் கொடுக்கும் சப்ளையர்கள், ஒரே ஐ.டி.ஐ.யில் படித்த ஃபிட்டர்கள். யோஷிகாசு ட்சுடா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் திரும்பத் திரும்ப வந்து லைனில் நின்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கம்பெனியில் கற்றது அடுத்த காம்பவுண்டுக்குப் போக வெகுநாள் ஆகவில்லை. அப்போது சுந்தரம்-கிளேட்டன் தலைவராக இருந்த வேணு சீனிவாசனுக்கு, இந்தத் தர முறையை ஜப்பானுக்கு வெளியே பரப்பியதற்காக 2019இல் தனி டெமிங் விருதே கொடுத்தார்கள்.

இந்தப் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஓர் ஆண்டில் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பும் இல்லை. தகுதியைத் தொட்டவர் எல்லோருக்கும் உண்டு. தேர்வுதான் கடுமை. முதல் கட்டத்தில் கம்பெனி தன் வேலையைத் தானே விளக்கும். அடுத்த கட்டத்தில் தேர்வாளர்கள் நினைத்த இடத்துக்குப் போவார்கள், நினைத்த ஆளை நிறுத்திக் கேட்பார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்க முடியாது.

என்ன கேட்பார்கள் என்பதற்கு ஒரு சின்னக் காட்சி. துளை போடும் மெஷினில் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு ஓர் இரும்புப் பின் துருத்திக்கொண்டிருக்கும். பாகத்தைத் தலைகீழாக வைத்தால் அந்தப் பின் தடுக்கும், உட்காராது. அசதியில் மூன்றாம் ஷிப்டில் கை தவறினாலும் ரிஜெக்‌ஷன் வராது. ஜப்பானியர் இதை போகா-யோகே என்பார்கள். விலை சில ரூபாய். ஆனால் அந்த இடத்தில் பின் வேண்டும் என்று கண்டுபிடிக்க, தினமும் அதே மெஷினில் நின்று, எந்தப் பாகம் எப்போது தவறுகிறது என்று குறித்துவைத்த ஓர் ஆள் வேண்டும். அது ஏன் நடந்தது, அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தரம் கேட்கப் பொறுமை வேண்டும்.

இப்போது வேலை தென்மேற்கே நகர்ந்துவிட்டது. சுந்தரம்-கிளேட்டனுக்கு ஒரகடத்தில் வார்ப்பாலை இருக்கிறது. ரானே மெட்ராசுக்கு, அங்கிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் வாரணவாசியில் ஆலை இருக்கிறது. 2017இல் டெமிங் வாங்கிய சியட், 2020இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் டயர் ஆலை திறந்தது. அடுத்த மூன்றாம் ஆண்டில், முன்பு வென்றவர்கள் மட்டுமே போட்டியிடக்கூடிய டெமிங் பெரும்பரிசும் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. பாடியின் பழக்கம் சிப்காட் தொழிற்பேட்டைச் சாலைகளுக்கு வந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஆட்கள்? பாடியில் அப்ரெண்டிசாகச் சேர்ந்தவர் அதே கம்பெனியில் ஓய்வு பெறுவது சாதாரணமாக இருந்தது. அவர் கையில் இருபது வருட மெஷின் அனுபவம் இருந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பட்டையில் பல லைன்களை ஓட்டுவது டிரெய்னிகளும் கான்ட்ராக்ட் ஆட்களும். திருவண்ணாமலையிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, அறைக்கு ஆறேழு பேராகத் தங்கி, கற்ற வேலை கைக்குப் பழகும்போது காலம் முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும்போது, எந்தப் பாகம் எப்போது தவறும் என்று தெரிந்ததையும் அவர்கள் கூடவே கொண்டுபோகிறார்கள். கம்பெனிகள் இந்த இழப்பை ஒரு செலவாகவே கணக்கில் எழுதுவதில்லை, எழுத வேண்டும். தேர்வாளர் ஒருவர் வந்து அந்தப் பின்னைத் தொட்டுக் காட்டி, இது எதற்கு என்று கேட்கும் நாளில், அதை வைக்கச் சொன்ன பையன் அதே மெஷினில் நிரந்தர வேலையில் நிற்க வேண்டும்.