மோட்டார்ச் சுருளில் மறைந்திருக்கும் பழுது

நமது சங்கங்களின் பேரேடுகளில் “மோட்டார் காயில் கட்டிய கூலி” என்னும் செலவினம் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகின்றது. பம்பு செட்டாயினும் விசைத்தறியாயினும், மோட்டார் நின்றவுடன் சுருள் முழுவதையும் அறுத்தெறிந்து புதிதாகக் கட்டுவதே பல பட்டறைகளின் வழக்கம். பயிர் வாடும் வேளையில் அங்கத்தினரும் கேள்வி கேட்பதில்லை.

எனாமல் பூசிய செம்புக் கம்பியைக் கையால் பல சுற்றுக்களாகச் சுற்றி, ஸ்டேட்டரின் பள்ளங்களில் அமர்த்தியதே சுருள். ஒரு சுற்றை மறு சுற்றினின்று பிரித்து வைப்பது அம்மெல்லிய பூச்சு ஒன்றே. 1831இல் மைக்கேல் பாரடே தமது இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியபோது, நூற்கயிற்றையும் காலிகோ துணியையும் இடையிட்டே சுற்றுக்களைப் பிரித்தார். காலிகோ என்பது கோழிக்கோட்டின் பெயரால் வழங்கிய பருத்தித் துணி என்பதை நெசவாளர் நண்பர்கள் நினைவிற் கொள்ளலாம்.

கம்பியைப் பள்ளத்தில் திணிக்கையில் கீறல் விழுந்தாலும், ஈரம் ஏறினாலும், மும்முனையில் ஒரு முனை அற்றபின் மோட்டார் ஓடிச் சூடேறினாலும் பூச்சு கெடும். அப்போது தொட்டுக்கொண்ட சுற்று ஒரு மூடிய வளையமாகிவிடும். மாறும் காந்தப்புலம் அவ்வளையத்தினுள் பெரும் மின்னோட்டத்தைச் சுழலச் செய்யும். அச்சூட்டில் அண்டைச் சுற்றுக்களும் கருகும்.

இதனைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஒரு முனைச் சுருளில் 300 சுற்றுக்கள், அதன் தடை 3 ஓம் என்று கொள்வோம். ஒரு சுற்று கெட்டால் குறைவது 0.01 ஓம் மட்டுமே. மெக்கர் கருவியோ, உடலுக்கு மின்கசிவு உண்டா என்பதைத்தான் கூறும். ஆகவே “மீட்டர் வைத்துப் பார்த்தோம்” என்ற சொல்லை நம்பிவிடலாகாது.

நம்பத்தக்க சோதனை ‘க்ரௌலர்’ எனப்படும் மாறுமின் காந்தமே. ரோட்டாரை எடுத்துவிட்டு, டெல்டா இணைப்பும் இணைச்சுற்றுக்களும் இருந்தால் அவற்றைப் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் நல்ல சுருளும் கெட்டதுபோலத் தோன்றும். பின்னர் க்ரௌலரை ஒரு பள்ளத்தின்மீது வைத்து, அச்சுருளின் மறுபக்கம் அமர்ந்த பள்ளத்தின்மீது ஒரு ஹாக்சா பிளேடைப் பிடித்தல் வேண்டும். சுற்று கெட்டிருந்தால் பிளேடு இழுபட்டு அதிர்ந்து ஒலிக்கும். க்ரௌலரை இரும்பின்மீது வைக்காமல் மின்சாரம் கொடுத்தால் அதன் சுருளே எரிந்துபோகும்.

க்ரௌலர் இல்லாத பட்டறையில், வேரியாக் கொண்டு ஒவ்வொரு முனைக்கும் ஒரே அளவு குறைந்த மாறுமின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டங்களை ஒப்பிடலாம். மிகுதியாக இழுக்கும் முனையில்தான் பழுது. அம்முனையில் எந்தச் சுருளின் இருமுனைகளிடையே மின்னழுத்தம் குறைவோ, அதுவே குற்றவாளி. மின்சாரத்தை நிறுத்தியபின் தொட்டுப் பார்த்தால் அச்சுருள் மட்டும் சூடாக இருப்பதும் உண்டு.

பழுது பள்ளத்திற்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் வளைவில் இருந்தால் வேலை எளிது. சுருளை இளஞ்சூடாக்கி வார்னிஷை இளக்கி, கம்பியை மெல்ல விலக்கி, ஸ்லீவ் அல்லது இன்சுலேஷன் காகிதம் செருகி, நாடா சுற்றி, வார்னிஷ் பூசி உலர்த்தினால் போதும். பள்ளத்தினுள் இருந்தால் அச்சுருளை மாற்றுவதே முறை. அறுவடை வரை ஓட்டியாக வேண்டுமெனில் அதனை விட்டுவிட்டுத் தாண்டி இணைக்கலாம். ஆயினும் கெட்ட சுருளின் சுற்றுக்களை அறுத்துத் திறந்துவிட வேண்டும். அறுக்காவிடில் மூடிய வளையம் அப்படியே இருந்து மீண்டும் எரிக்கும். நீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாருக்கு இத்தகைய ஒட்டுவேலைகள் ஆகா.

ஒரு சங்கத்தின் தணிக்கையில், ஒரே மோட்டாருக்கு ஒரே ஆண்டில் 2 முறை காயில் கட்டிய ரசீதுகளைக் கண்டேன். விசாரித்ததில், பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரை நேரடியாக நெருப்பிலிட்டது தெரிந்தது. இரும்புத் தகடுகளுக்கு இடையேயுள்ள பூச்சு அதனால் கெடும். பின்னர் எத்துணை நன்றாகக் கட்டினும் மோட்டார் சூடேறும்.

எனவே பட்டறையில் என்ன சோதனை செய்தார்கள், எந்தச் சுருள் கெட்டது என்று ரசீதிலேயே எழுதி வாங்குக. வேலை முடிந்து மோட்டார் ஓடும்போது, மும்முனைகளின் மின்னோட்டத்தையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து காட்டச் சொல்லி, அம்மூன்று எண்களையும் சங்கப் பதிவேட்டில் தேதியுடன் குறித்து வைக்கவும்.